கன்னியப்பனின் கிங் பின்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். கன்னியப்பன் இறந்துவிட்டார் என்று இன்று காலை பழைய கம்பெனி வாட்ஸப் குரூப்பில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த லாரி சாய்ந்த சாய்வு ஞாபகம் வந்துவிட்டது... அடக்க முடியவில்லை.

போதாததற்கு, அவசரத்தில் கட்டைவிரல் பொம்மையை வேறு அனுப்பிவிட்டேன். என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரகடத்தில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டராகக் குப்பை கொட்டிய கம்பெனியில் அவர் மெயின்டெனன்ஸ். வடக்குப்பட்டுக்காரர். நாலு வருஷமாகக் கான்ட்ராக்ட்.

முன்பல் இரண்டு கிடையாது. கட்டிக்கொள்ளச் சொன்னால், "கீறது ஒரிஜினலு சார், அது போதும்" என்பார். அதனால் ஒரிஜினல் கன்னியப்பன். பேர் வைத்தது நான்தான். என் வாயில் அப்போதே மூன்று பல் கட்டினது.

அவர் வீட்டுக்குப் பின்னால் மூக்கு வைத்த பழைய லாரி ஒன்று கிடந்தது. ஒரு காலத்தில் செங்கல் ஏற்றியதாம். நான் பார்த்தபோது டிரைவர் சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு கேட்டில் ஒரு பழைய லாரி நிற்க வேண்டும் என்று பிளான்ட் மேனேஜருக்கு ஆசை. எச்.ஆர். அதிகாரி கன்னியப்பனைக் கூப்பிட்டு, "நீங்களே ஓட்டிட்டு வந்து நிறுத்துங்க. உங்க பர்மனென்ட் பத்தி நான் பேசறேன்" என்றார்.

ஒரே நிபந்தனை. எந்த பார்ட்டை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று குவாலிட்டி கையெழுத்துப் போட வேண்டும். அதாவது நான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் வீட்டுக் கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அவர் லாரியை ரிஜெக்ட் செய்தேன்.

கம்பெனியில் தேறாத பார்ட்டுக்குச் சிவப்பு டேக் கட்டுவோம். அந்த லாரி கடைசியில் வேண்டுதல் மரம் மாதிரி ஆகிவிட்டது.

"கன்னியப்பா, இதுல மாத்தாம விடலாம்னா ஹாரன் ஒண்ணுதான். அதுவும் அடிக்காது."

எல்லாவற்றையும் பொறுமையாக மாற்றினார். கிங் பின்னில்தான் நின்றார். முன் சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பும், மூன்று விரல் தடிமன் இரும்பு. துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"கையில புட்ச்சிப் பாரு சார். தேயவே இல்ல. இன்னும் இருவது வருசம் ஓடும்."

"கையால பாத்து வாங்கறதுக்கு இது என்ன, புடலங்காயா?"

தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரை வைத்தேன். லிமிட்டுக்குக் கீழே. அவர் பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை ஸ்டைலாக வைத்தேன். கீழேதான். சிவப்பு டேக்.

"இத்த மட்டும் வுட்டுடு சார். இதுக்கு ஒரிஜினலு இப்ப கெடைக்காது. டூப்ளிகேட்டு போட்டா வண்டி கவுந்துடும்."

"நம்பர் பொய் சொல்லாது கன்னியப்பா. உனக்குப் பின்னு வேணுமா, பர்மனென்ட் வேணுமா?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு, வேறு பின் தேடிப் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளுக்கு பஸ் ஏறினார்...

பூஜையன்று வடக்குப்பட்டிலிருந்து அவரே ஓட்டி வந்தார். மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். மேனேஜர் கையைக் காட்ட, வண்டி ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

பழம் நசுங்கியது. அதோடு புதுப் பின்னும் உடைந்தது. இடது சக்கரம் கவட்டை விரிக்க, லாரி எருமை படுப்பது மாதிரி நிதானமாகப் படுத்தது.

"யார் பாத்த வேலை இது?" என்றார் மேனேஜர்.

"மெயின்டெனன்ஸ் சார்" என்றேன். அவ்வளவு சுருக்காக நான் என் கல்யாணத்தில்கூட பதில் சொன்னதில்லை.

பர்மனென்ட் போச்சு. அடுத்த வருஷம் கான்ட்ராக்டும் போச்சு. அதுவரை கேன்டீனில் அவர் தட்டு ஏந்தி வரும்போதெல்லாம் நான் இடது தோளைச் சாய்த்து நொண்டிக் காட்டுவேன். டேபிளே சிரிக்கும். அவரும் அந்த இரண்டு பல் சந்தோடு சிரிப்பார்.

அப்புறம் அதே லாரியில் பழைய பின்னைத் திரும்பப் போட்டு, மேலே டேங்க் வைத்து, சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் ஓட்டினார். நான் இருந்த பில்டிங்குக்கும்தான். அந்தத் தண்ணீரில்தான் மூன்று வருஷம் குளித்தேன்.

"ஒரிஜினலு சார்... நல்லாத்தான் ஓடுது" என்பார் லாரி ஜன்னலில் இருந்து.

"அதிர்ஷ்டம்யா" என்பேன், சோப்பு நுரையோடு.

இன்று போயிருந்தேன். லாரி வாசலில் நேராக நின்றுகொண்டிருந்தது. அவருடைய மச்சானாம், எனக்கு ஒரு சேர் போட்டார்.

"ஹார்ட்டுல வால்வு மாத்தணும்னாங்க சார். 'ஒருவாட்டி மாத்திப் பாத்தாச்சி, போதும். ஒரிஜினலே ஓடற வரிக்கும் ஓடட்டும்'னு எய்ந்து வந்துட்டாரு. நாங்க சொன்னா கேட்டாத்தானே... சார் கம்பெனில எந்த டிபார்ட்மென்ட்டு?"

"ஸ்டோர்ஸ்" என்றேன்.

போய் வாருங்கள் கன்னியப்பன். அந்தக் கட்டைவிரலை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பூஜைக்கு அடுத்த மாதம் ஆடிட் வந்தது. என் மைக்ரோமீட்டர், நடுவில் எதுவும் வைக்காமல் மூடினாலே பூஜ்யத்துக்குக் கீழே காட்டியது. அதைச் சரிபார்க்க வேண்டிய காலிபரேஷன் தேதி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குச் சிவப்பு டேக் கட்டியதும் நான்தான்.