லென்ஸ் பொருத்தப்படவில்லை

நாரின் என்ற மலையூரில் பாஸ்போர்ட் படம் வேண்டுமென்றால் சைராகுலிடம்தான் போக வேண்டும். காது தெரியணும், சிரிக்கக் கூடாது, பின்னால் வெள்ளைத் துணி. ஊரில் பாதிப் பேரை அவள் இப்படித்தான் ரஷ்யாவுக்கு அனுப்பிவைத்தாள். அந்தப் பாதியில் அவள் புருஷன் துராத்தும் உண்டு.

கடையைச் சாத்திய பிறகு அவள் வேறு ஆள். டிஜிட்டல் கேமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டு, நடுவில் ஒரு அலுமினிய வளையம் கொடுத்து, சோவியத் காலத்து லென்ஸ் ஒன்றைத் திருகுவாள். சந்தையில் ஒரு செத்த கேமராவோடு சேர்த்து வாங்கியது. உடனே திரையில் எழுத்து வரும்: லென்ஸ் பொருத்தப்படவில்லை. புதுக் கேமராவுக்குப் பழைய லென்ஸை அடையாளம் தெரியாது. இருக்கட்டும் என்று ஒரு பொத்தானைத் தட்டினால் வழிவிடும். அதன் பிறகு எல்லாம் கைவேலை. லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப, எது தெளிவாகிறதோ அதன் விளிம்பில் திரையில் சிவப்புப் பொட்டுகள் மினுங்கும். வேலியிலிருந்து குதிரையின் பிடரிக்கு வரும். அங்கிருந்து ஒருவரின் தொப்பிக்கு, புருவத்துக்கு. பின்னால் பாப்ளர் மரங்கள் கலக்கிவிட்ட பாலைப்போல் மெதுவாகச் சுழலும்.

அவளுக்குப் பிடித்தது இந்தத் தாமதம்தான். கேமரா முன்னால் எல்லோரும் முகத்தை இறுக்கிக்கொள்வார்கள். அவள் பாட்டுக்குத் திருப்பிக்கொண்டிருப்பாள். ஒரு நிமிஷத்தில் சலித்துப்போய் முகம் தானாக அவிழும். அப்போது அழுத்துவாள்.

துராத்திடம் மட்டும் அது பலிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக ரஷ்யாவில், எகாதெரின்பர்க்கில் செங்கல் வைக்கிறவன். தூக்குக்குண்டு ஆட்டம் ஓயும்வரை மூச்சடக்கி நிற்கத் தெரிந்தவன்.

வருஷத்தில் பன்னிரண்டு நாள் வருவான். போன மறுமாதமே அவளுக்கு அவன் முகம் நழுவத் தொடங்கும். போன் திரையில் மூக்குதான் பெரிதாக வரும். சுவரில் இருப்பது பாஸ்போர்ட் முகம். போன குளிர்காலத்தில் ஒருமுறை கனவில் வந்தான். அங்கேயும் காது தெரிய, சிரிக்காமல் நின்றான். விழித்ததும் அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த முறை அவன் முகத்தைப் படத்தில் வாங்கிவிட வேண்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டாள்.

பதினோரு நாள் முயன்றாள்.

"எடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. மூச்சு விடுங்க."

"விட்டா ஆடிடாதா?"

"அவன விடுடி," என்றாள் துராத்தின் அக்கா புருல், அடுப்படியிலிருந்து. "எங்கம்மா வயித்துலேர்ந்து வந்தப்பவே இந்த மூஞ்சிதான். மருத்துவச்சி பயந்துட்டா."

பன்னிரண்டாம் நாள் காலை தலைநகர் பிஷ்கேக் போகும் கார் வாசலில் வந்து நின்றது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது டிகிரி குளிர். மேஜைமேல் புருல் சுட்ட ரொட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சைராகுல் கிட்டே போய் அதை ஒரு படம் எடுத்துவிட்டு, கேமராவைக் கோட்டுக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அந்த லென்ஸுக்குள் இருக்கும் பழைய கிரீஸ் குளிரில் கல்லாகிவிடும்.

வெளியே கார்மேல் பையைக் கட்ட இரண்டு கை வேண்டியிருந்தது. கேமராவை மதில்மேல் வைத்தாள். கயிறு விரலுக்கு அடங்கவில்லை. கட்டி முடித்துத் திரும்பி எடுத்தபோது வளையம் அசையவில்லை. பல்லைக் கடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன?" என்றான் துராத்.

"வளையம் இறுகிப்போச்சு. திரும்ப மாட்டேங்குது."

"அப்பாடா!" அவன் தோள் இரண்டும் இறங்கின. "பாவம், அந்தக் கேமராதான் முதல்லேர்ந்து லென்ஸ் இல்ல, லென்ஸ் இல்லன்னு கத்துதே. நீதான் கேக்கல."

டிரைவர் ஹாரன் அடித்தான்.

புருல் ரொட்டியைக் கொண்டுவந்தாள். போகிறவன் ஒரு கடி கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சம் ஆணியில் தொங்கும். திரும்பி வந்து அவன்தான் அதைத் தின்ன வேண்டும்.

"போன வருஷ ரொட்டில என் கடவாப்பல்லு ஆடிப்போச்சு," என்றான் துராத். "இதாவது மெத்துன்னு இருக்கா?"

"வந்து தின்னு பாரு. பல்லு இல்லாம வந்தா ஊறவச்சுத் தரேன்."

அவன் குனிந்து கடித்தான். அப்போதுதான் சைராகுலுக்கு உறைத்தது. இறுகியது தூரம் மட்டும்தான். கேமரா உயிரோடுதான் இருக்கிறது. மேஜைமேல் இருந்த ரொட்டிக்கு வைத்த தூரம், ஒரு கை நீளத்துக்குச் சற்றுக் கூட. வளையம் நகராவிட்டால் அவள் நகரலாமே.

ஓரெட்டு முன்னால் வைத்தாள். சிவப்பு அவன் கோட்டுப் பொத்தானில் மினுங்கியது. உடம்பைக் கொஞ்சம் சாய்த்தாள். ரொட்டியின் விளிம்பு. இன்னும் கொஞ்சம். மீசையில் ஒட்டியிருந்த துணுக்கு. அவன் வாய் நிறைய ரொட்டியோடு அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினான். பனி பூத்த இமைகளில் சிவப்பு வந்து உட்கார்ந்தது.

அழுத்தினாள்.

"ஏய், எடுத்துட்டியா?"

"லென்ஸ்தான் இல்லையே."

கார் போன பிறகு புருல் ரொட்டியை ஆணியில் மாட்டினாள். சைராகுல் கேமராவைப் பையில் போட்டுக் குளிரான நடையிலேயே வைத்தாள். வீட்டுக்குள் கொண்டுபோனால் ஒரே மூச்சில் லென்ஸ் கண்ணாடியெல்லாம் ஈரம் பூத்துவிடும். தேநீர் ஆறியது. கார் இந்நேரம் டோலோன் கணவாய் ஏறியிருக்கும். அப்புறம் பையை உள்ளே கொண்டுவந்து திறந்து, வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெண்ணெய்போல் திரும்பியது.

படத்தில் பாப்ளர்களும் காரும் மதிலும் வட்டமாகக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு கன்னம் உப்பிய, நாற்பது வயது ஆள். தொப்பி இறங்கிக் காது இரண்டும் மறைந்திருந்தன.

"யாருடி இது?" என்றாள் புருல் எட்டிப் பார்த்து. கேமராவை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கான்."