முன்னிருந்தவரின் லாகின்

நிரல்களைச் சேமிக்கும் கிட் மென்பொருளை அமைத்தேன். நான் புதிதாகச் சேர்ந்த பனியன் கம்பெனியில், இணையத்துக்குக் காவல் நிற்கும் ப்ராக்ஸி லாகின் இல்லாமல் அதை உள்ளே விடவில்லை. ஐ.டி. பிரிவுக்காரர் வந்து செட்டிங்கில் ஒரு பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினார்.

"யாருதுங்க இது?"

"உங்களுக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவருதுங்க. ஆடியில தவறிட்டாரு. புது லாகினுக்கு மொதலாளி ஓகே சொல்லோணுங்க. சரக்கு வாங்குற பையர் வந்துட்டுப் போகட்டும், கேக்கலாம். அதுவரைக்கும் இதுலயே ஓட்டுங்க."

ஓட்டினேன். நிரல் போய்ச் சேர்ந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கீழே ஓவர்லாக் தையல் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. பையர்கள் வந்தார்கள், போனார்கள். புது லாகினை யாரும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில், இணையத்தை அதிகம் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு முன்னிருந்தவருக்கு நிர்வாகத்திலிருந்து மெயில் வந்தது. அவருடைய மெயிலும் என் கம்ப்யூட்டரில்தான் திறந்து கிடந்தது. இனிமேல் இப்படி நடக்காது என்று அவர் பெயரிலேயே பதில் எழுதினேன்.

நன்றி சொல்லி அவருக்குப் பதில் வந்தது.