‘லே’ என்று கூப்பிட்டேன்

களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடுவது என்றால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு என்னவென்றே தெரியாது. சேரன்மகாதேவிக்கு வெளியே ஒரு மொட்டைப் பாறையின் அடிவாரத்தில் எங்கள் சுடுதளம் இருக்கிறது. பாதி தரைக்குள்ளும் பாதி வெளியிலுமாக ஒரு சின்ன அறை, மேலே காங்கிரீட் கூரை, இடப்பக்கம் ஏறி வர நாலு படி. அதைக் குழி என்போம். உள்ளே ஓர் இயந்திரம். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதில் தட்டை வைப்பார். பதினைந்து மீட்டர் பின்னால் ஐந்து பேர் துப்பாக்கியோடு வரிசையில் நிற்போம். முறை வந்தவர் குரல் கொடுத்ததும், எங்களுக்குப் பின்னால் இருப்பவர் பட்டனை அமுக்குவார். தட்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அது விழுவதற்குள் உடைக்க வேண்டும்.

எனக்கு அம்பாசமுத்திரத்தில் உரக்கடை. அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி என் பெயருக்கு மாறி வெகுநாள் பீரோவில் தூங்கியது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பது, முடிந்ததும் திரும்ப வாங்கி வருவது, அவ்வளவுதான் அதற்குப் பிழைப்பு. ஐம்பது வயதுக்கு மேல்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சுடப் போக ஆரம்பித்தேன்.

போன பிறகுதான் தெரிந்தது, சுடுவதைவிட நிற்பதற்குத்தான் அங்கே சட்டம் அதிகம். துப்பாக்கியை எப்போதும் மடக்கித் திறந்தே வைத்திருக்க வேண்டும். இரண்டு குழலும் காலி என்று எதிரே வருகிறவருக்குக் கண்ணால் தெரிய வேண்டும். உன் இடத்துக்கு வந்து, உன் முறையும் வந்த பிறகுதான் தோட்டா உள்ளே போகலாம். பக்கத்துக்காரர் சுடும்போது பேசக் கூடாது. அவர் தவறவிட்டால் சிரிக்கக் கூடாது. குரல் கொடுத்தும் தட்டு வராவிட்டால் துப்பாக்கியை இறக்கி, திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். குழிக்காரர் வெளியே வருவதானால் முதலில் விசில், அப்புறம் சிவப்புத் துணி, அத்தனை துப்பாக்கியும் திறந்த பிறகே அவர் தலை வெளியே தெரியலாம். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது பாளையங்கோட்டையிலிருந்து வரும் ஒரு டாக்டரம்மா. சுடுதளத்துக்கு அவர்தான் பொறுப்பு. என் மகள் வயதுதான். அந்த வயதுக்காரி என்னை நிற்க வைத்துச் சொல்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கடுப்பு. ஒளிப்பானேன்.

குரல் கொடுக்க எல்லோரும் இங்கிலீஷில் ‘புல்’, அதாவது ‘இழு’, என்பார்கள். நான் ‘லே’ என்பேன், எங்கள் ஊர் ‘டேய்’. என்ன சத்தம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று இருந்ததால் நாக்கில் தன்னால் வருகிற சத்தத்தையே வைத்துக்கொண்டேன். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று. டாக்டரம்மா இரண்டு தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அது ஆளைக் கூப்பிடுகிற சொல், வேறு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தட்டும் நம்ம ஊர் மண்தானே, லே என்றால்தான் அதற்குப் புரியும் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

போன வருஷம் அறுவடை முடிந்த சமயம். வழக்கமாகக் குழியில் உட்காருகிறவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பதிலுக்கு அக்கம்பக்கத்து ஊரிலிருந்து ஒருவனைக் கூட்டி வந்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும், தலையில் துண்டு. டாக்டரம்மா சிவப்புத் துணியைக் கட்டுவதற்குள் நானே முந்திக்கொண்டு அவனுக்கு வேலை சொன்னேன். தட்டை இப்படி வை, கையை உடனே எடு. அப்புறம் இதைச் சொன்னேன்.

“கூப்பிடுத வரைக்கும் வெளிய வரக் கூடாது. என்னலே, வெளங்குதா?”

சரி அண்ணாச்சி என்று உள்ளே போனான். விசிலைப் பற்றி நான் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குப் பட்டன், விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கையில் இருந்தது. எனக்கு முன் இரண்டு பேர் ‘புல்’ என்று சொல்லிச் சுட்டார்கள். இரண்டு தட்டும் உடைந்தன. என் முறை. துப்பாக்கியைத் தோளில் வைத்து ‘லே’ என்றேன். தட்டு வரவில்லை. பட்டன் சரியாகப் படியவில்லை என்று பிறகு சொன்னார். அப்போதே நான் துப்பாக்கியை இறக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை. முன்னால் இரண்டு பேர் உடைத்துவிட்டார்கள், நான் மட்டும் அசடாக நிற்கிறேன் என்ற ஆத்திரம். ‘ஏலே’ என்று கத்தினேன்.

தட்டு வலப்பக்கம் பறந்தது. சுட்டேன். உடைந்தது. கண்ணை இறக்கினால், கூரைக்கு இடப்பக்கம் படியின் மேல் ஒரு துண்டு கட்டிய தலை.

“கூப்பிட்டியளா அண்ணாச்சி?”

முதல் தடவை கேட்டதும் நம்மைத்தானோ என்று யோசித்திருக்கிறான். இரண்டாவது தடவை அதட்டியதும் ஏறி வந்துவிட்டான். தட்டு இடப்பக்கம் போயிருந்தால் என் குழலும் இடப்பக்கம் போயிருக்கும். அது எந்தப் பக்கம் போகும் என்பது என் கையில் இல்லை. அவன் கையிலும் இல்லை.

சாகவாலே வந்தே, மண்டையில ஒண்ணுமில்லையா என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவன் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். சுட்டவன் ஏச, சுடப்பட இருந்தவன் மன்னிப்புக் கேட்டான். டாக்டரம்மா சிவப்புத் துணியை ஏற்றிவிட்டு நேரே அவனிடம் போய், தலை, கழுத்து, காது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் என் பக்கம் திரும்பினார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

“அவர் சொன்னபடிதான் செஞ்சிருக்கார், அண்ணாச்சி. நீங்க துப்பாக்கிய உறையில போடுங்க” என்றார்.

டாக்டரம்மா ‘அவர்’ என்றதும்தான், காலையிலிருந்து ஒரு ‘லே’ தவிர அந்த மனிதருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை என்று உறைத்தது.

மறுநாள் சாயங்காலம் அந்தக் குழிக்காரர் வீட்டுக்குப் போனேன். எப்படி இருக்கீங்க என்று கேட்டேன். நேற்று லே போட்டவன் இன்றைக்கு ‘நீங்க’ என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லுங்க, திருத்திக்கிடுதேன் என்றார். அவர் மனைவி வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

அதனால் நானே சொல்ல வேண்டியதாயிற்று. கூப்பிடும் வரை வெளியே வராதே என்று சொன்னது, ‘லே’ என்று கூப்பிட்டது, துப்பாக்கியை இறக்காமல் நின்றது, சுட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து கோத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட உதவவில்லை. முடித்ததும் அவர் மனைவி கேட்டார்.

“இவுக நின்னதப் பாத்தியளா?”

“இல்லம்மா. நான் தட்ட மட்டுந்தான் பாத்தேன்.”

“பாக்காமலா சுடுவிய?”

அவர் கணவர், அண்ணாச்சிட்ட அப்படிப் பேசாத என்று அடக்கினார். அந்த அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. கணவரின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.