றப்பருக்குக் கீழே இருந்த அரக்கு

மாமா அந்த மோட்டார் சைக்கிளை எங்கள் ஊர் வட்டக்கச்சிக்குக் கொண்டுவந்த அன்று எங்கள் எருதுகள் இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டன. அப்படியொரு சத்தம். எருதுகளைப் பிடிக்கப் போன அப்பா பாதி வழியில் திரும்பி வந்து, முதலில் மாமாவைத் திட்டி முடித்துவிட்டு மறுபடி போனார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. வற்றாப்பளையில் அவருக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். தாலி கட்டிய கையோடு பொம்பிளையை அந்த மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்க வேண்டும் என்பது அவருடைய பேராசை. வண்டி என்னவோ இங்கிலாந்தில் செய்ததுதான். ஆனால் அதை அவருக்கு விற்ற முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி, தன் கருவாட்டுக் கடைக்கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தை அதற்கும் அடித்து வைத்திருந்தார்.

"கருவாட்டுக்கடைக் கதவிலை பொம்பிளையை இருத்திக்கொண்டு வரேலாது. வெள்ளைக்காரன் முதல்முதல் அடிச்ச நிறம் எதுவோ, அதுதான் எனக்கு வேணும்" என்றார் மாமா.

அரத்தாளும் கையுமாகக் குந்திவிட்டார். எனக்கு எட்டு வயது இருக்கும். சட்டையை முழங்காலுக்குள் செருகிக்கொண்டு நானும் பக்கத்தில் குந்தினேன். நீலம் உரிய உரியப் பச்சை வந்தது. உலக யுத்த காலத்து ஆமிப்பச்சை. ஒரு நிறத்துக்குள் இன்னொரு நிறம் ஒளிந்திருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதற்கும் கீழே என்ன இருக்குமோ என்று இன்னும் கிட்டக் குனிந்தேன். வெறும் தகரம்தான் வந்தது. ஆமிக்காரர் பழைய நிறத்தை அடியோடு சுரண்டி எறிந்துவிட்டுத் தங்கள் பச்சையை அடித்திருக்கிறார்கள்.

வியாபாரியிடமே கேட்போம் என்று மாமா முல்லைத்தீவுக்குப் போனார். நிறம் அவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பதிலாக மாமா ஒரு கதையைக் கொண்டுவந்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எல்லோருக்கும் முன்னால் அவிழ்த்துவிட்டார்.

"ஆமிக்காரர் வாங்க முந்தி அது வவுனியாவிலை ஒரு சேவையரிட்டை நிண்டதாம். அவர் காய்ச்சலிலை மோசம்போக, பெண்சாதிதான் வித்தவவாம்."

சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அம்மா அவரை முறைத்தார். சோறு போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா அகப்பையைச் சட்டிக்குள் மெல்ல வைத்தார்.

பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவர். பெரியப்பா வவுனியாவில் காணி அளக்கும் சேவையராக இருந்து மலேரியாவில் இறந்தவர். அவரிடமும் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதை விற்றுவிட்டு, வெள்ளைச் சேலையோடு பெரியம்மா எங்களிடம் வந்து சேர்ந்தார். அப்போது எங்கள் ஆட்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தில் இருந்தபடியால் பெரியப்பாவின் வண்டியை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை.

குசினிக்குள் அம்மாவின் குரல் கேட்டது. "அத்தான்ரை வண்டியிலை புதுப்பொம்பிளையைக் கூட்டிவாறதோ? ஊர் என்ன சொல்லும்?"

"அத்தான்ரை எண்டால் நான் இனித் தொடமாட்டன் சின்னக்கா. கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன்" என்றார் மாமா. கண் கலங்கியிருந்தது. பிறகு பெரியம்மாவிடம் வந்து, "பெரியக்கா, அத்தான்ரை என்ன நிறம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீ முதல் இதின்ரை நிறத்தைக் கண்டுபிடி. பிறகு சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு, பெரியம்மா அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. மாமா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இருக்கையைக் கழற்றிப் பார்க்கலாம் என்றால் அதன் நட்டுகள் துருவேறி அசைய மறுத்தன. அவற்றுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவிட்டார்.

நிறத்தைக் கண்டுபிடித்தது நான். இதை எங்கள் வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. கிணற்றடியில் மாமா மணிக்கூட்டைக் கழற்றிவிட்டுக் கை கழுவும்போது, வார் இருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்ததைக் கண்டு கேட்டேன். வெயில் படாத இடம் பிறந்த நிறத்திலேயே இருக்கும் என்றார். "அப்ப மோட்டச்சைக்கிளும் மணிக்கூடு கட்டியிருக்குதோ மாமா?" என்றேன். அவர் ஈரக்கையோடு ஓடினார்.

பெற்றோல் டாங்கியின் இரண்டு பக்கத்திலும், ஓட்டுபவரின் முழங்கால் அண்டுவதற்கு ஒவ்வொரு கறுத்த றப்பர் இருந்தது. ஆமிக்காரரும் சரி, கருவாட்டு வியாபாரியும் சரி, அதைக் கழற்றாமல் சுற்றிவரத்தான் அடித்திருந்தார்கள். மாமா திருகாணியைச் சுழற்றி றப்பரைப் பெயர்த்தார். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார்.

அரக்கு. கூறைச்சேலையின் அரக்கு. உள்ளங்கை அகலத்துக்கு, மழையும் காணாமல் வெயிலும் காணாமல், இப்போதுதான் பூசியது போலக் கிடந்தது. இத்தனை நாளும் அது எங்கள் முற்றத்திலேயே இருந்திருக்கிறது என்று நினைக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன் என்று அம்மா பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கும்பிட்டிருப்பேன். அவ்வளவு வடிவான ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை.

மாமா போய்ப் பெரியம்மாவைக் கூட்டிவந்தார். பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். குனிந்து ஒற்றை விரலால் அந்த நிறத்தைத் தொட்டார்.

"இது அவரின்ரை இல்லை. அவரின்ரை தனிக் கறுப்பு" என்றார் பெரியம்மா.

மாமா என்னைத் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றினார். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். குசினி வாசல்வரை போன பெரியம்மா திரும்பிப் பார்த்தார்.

"அரக்கு மட்டும் அடிச்சால் எடுப்பாயிராதடா தம்பி. டாங்கியின்ரை ஓரத்தாலை பொன் நிறத்திலை ஒரு கோடு இழு. நக விளிம்பளவு காணும். அதுக்கு மேலை மொத்தமாய் இழுத்துப்போடாதை."

இரண்டொரு நாளில் இருக்கை நட்டுகள் இளகின. மாமா இருக்கையைத் தூக்கினார். அதன் முனை டாங்கியின் பின்பக்கத்தை மூடியிருந்த இடத்தில் அதே அரக்கு இருந்தது. அதன் ஓரத்தில் பொன் நிறத்தில் ஒரு கோடும் ஓடியது. நக விளிம்பளவுதான்.

"பெரியக்கான்ரை கண்ணெண்டால் கண்தான்!" என்று மாமா பூரித்துப்போனார். கலியாண மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் மூளை வேலை செய்யவில்லை. அம்மா ஓடிவந்து பார்த்தார். பார்த்துவிட்டு நேரே குசினிப் பக்கம் போனார். அன்று அம்மாவே சமைத்தார். பெரியம்மாவை ஒரு வேலையும் செய்ய விடவில்லை.

எனக்கோ ஒரே பிரமிப்பு. வற்றாப்பளை அம்மன் கிழவி வேடத்தில் வந்து, மாடு மேய்த்த பொடியன்களிடம் தனக்குப் பேன் பார்க்கச் சொன்னதாகவும், அவர்கள் மயிரை விலக்கியபோது தலை நிறையக் கண்கள் தெரிந்ததாகவும் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். இருக்கைக்குக் கீழே மறைந்திருந்த கோட்டைப் பெரியம்மா எதனால் பார்த்தார் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

மாமா டாங்கியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் யாழ்ப்பாணம் போய், அந்த நிறம் வரும்வரை கடைக்காரரைக் கலக்க வைத்து வாங்கி வந்தார். கலியாணத்தன்று வண்டி வாசலில் வந்து நின்றபோது அரக்கும் பொன்னும் மின்ன, பொம்பிளையின் கூறையும் டாங்கியும் ஒன்றாகவே தெரிந்தன. ஊரே வாயைப் பிளந்தது. வெள்ளைச் சேலைக்காரர் மங்கல காரியத்துக்கு முன்னுக்கு வரக்கூடாது என்று பெரியம்மா குசினி யன்னலடியிலேயே நின்றார். எல்லோரும் பொம்பிளையைப் பார்த்தார்கள். பெரியம்மா வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனம் கலைந்த பின்னேரம் நான் பெரியம்மாவிடம் போய், "பேன் பாக்கட்டோ?" என்று கேட்டேன். அவர் கொண்டையை அவிழ்த்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தார். மயிரை வகிர்ந்து வகிர்ந்து கண்களைத் தேடினேன். உச்சியில் இல்லை. பிடரியிலும் இல்லை. காதுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தபோது பெரியம்மாவின் தோள்கள் குலுங்கின. மயிரைப் பிடித்து இழுத்துவிட்டேனாக்கும் என்று பயந்துபோனேன்.

"நோகுதோ பெரியம்மா?"

"இல்லை, நீ பார்" என்றார்.

நான் தொடர்ந்து தேடினேன்.