கூடத்துச் சுவரில் தேக்கு ரீப்பர்

இந்த ஊர்ச் சுவர்கள் தட்டினால் பதில் சொல்வதில்லை. ரங்கூனில் எங்கள் வீடு முழுக்க மரம், இந்தப் பக்கம் இருமினால், அந்தப் பக்கத்து வீட்டுக்காரி "மருந்து குடிச்சீங்களா?" என்பாள். என்னைப்போல் பர்மாவை விட்டு வந்து சிதறிக் கிடப்பவர்களே, உங்களுக்கும் இப்படித்தானா? கும்மிடிப்பூண்டிப் பக்கம் தச்சுவேலை தேடிய எனக்கு, செங்கல்லும் சுண்ணாம்புமான இந்த ஊமைச் சுவர்கள் பிடிபடவேயில்லை. ஆணி நிற்காது. துளைபோட்டு மர ஆப்பு இறுக்க வேண்டும். அதற்குத் துணை கொத்தனார் தேசப்பன்.

கவரைப்பேட்டையருகே புதிதாக எழும்பிய கம்பெனியின் மேனேஜர், தன் புதுவீட்டுக் கூடத்துச் சுவரை மரச்சட்டங்களால் அலங்கரிக்கச் சொன்னார். மறுநாள் கிரகப்பிரவேசம். வேலை பிடித்தால் கம்பெனியில் நிரந்தரத் தச்சன். பிடிக்காவிட்டால் மறுபடி மூட்டை, மறுபடி ரயில். என் மனைவியும் எத்தனை முறைதான் பானைகளைத் துணியில் சுற்றுவாள்?

கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. இடுப்புயரத்தில் நீளவாக்கில் இரண்டு தேக்கு ரீப்பர் சட்டங்கள், குறுக்கே நெருக்கமாகச் சின்னத் துண்டுகள், இரு கோடியிலும் நீள ரீப்பர் ஒரு சாண் துருத்திக்கொண்டு. ரங்கூன் வராந்தாக்களின் அழகு அது. மெழுகு தேய்த்துத் தள்ளி நின்று பார்த்தேன். உள்ளே வந்த தேசப்பன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னாண்ணே, செவுத்துல பாடை கட்டிக்கினு கீற? பொணம் மட்டுந்தான் பாக்கி."

எனக்குப் புரியவில்லை. எங்கள் ரங்கூன் தெருவில் பிணத்தைப் பெட்டியில் வைத்து வண்டியில்தான் எடுப்பார்கள். அப்பாவையும் அப்படித்தான் அனுப்பினேன். அவன் விரல்நீட்டிக் காட்டிய பிறகே தெரிந்தது: இரண்டு நீளக் கழிகள், குறுக்குக் குச்சிகள், தோள் கொடுக்க நீட்டிய முனைகள். கண்ணை மூடினாலும் அதில் யாரோ படுத்திருந்தார்கள்.

"சாயந்தரம் மேனேஜர் வூட்டம்மா வந்து பாக்குமே. பேஜாராப் பூடும்ணே. கழட்டு, கழட்டு!"

கழற்றினோம். அவன் உளி பிடித்துப் புதுத் துளைகள் போட்டான். நான் சின்னத் துண்டுகளை மட்டும் சாய்த்துச் சாய்த்து, காற்றடித்த மழைபோல் சுவரெங்கும் அடித்தேன். மேனேஜரின் மனைவி வந்தார். ஒரு துண்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது எந்த ஊர் டிசைன்?"

"நம்ப ஊருதாம்மா," தேசப்பன் முந்திக்கொண்டான்.

அவர் சிரித்துவிட்டார். "நல்லாருக்கு. திங்கக்கிழமை கம்பெனிக்கு வந்துடுங்க."

மிஞ்சிய இரண்டு நீள ரீப்பர்களை எங்களையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். வலத்தோளில் ஒன்று, இடத்தோளில் ஒன்றாகத் தாங்கி, முன்னால் அவன், பின்னால் நான், ரயில்வே கேட்டை நோக்கி நடந்தோம். அவன் திரும்பாமலே கேட்டான்:

"ஏண்ணே, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா, பொட்டியா பாடையா? இப்பவே சொல்லிடு."

சிரித்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே, இரண்டு ரீப்பர்களுக்கிடையில், ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு அந்திவெளிச்சம் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது.