விளங்குது என்றவர்

உப்புவெளியில் ஹோட்டல் கட்ட வந்த ஒரு வெளிநாட்டுக்காரருக்கு மொழிபெயர்க்கச் சில மாதம் போனேன். நகரத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் எனக்கு அது மேலதிக வேலை. மீனவர்கள் கடற்கரைக்குப் போகும் சின்னப் பாதை, அந்த ஒழுங்கை, அவர் வாங்கிய காணிக்குள்ளால்தான் போனது. அதை மூடப்போகிறார் என்று கதை பரவியதும் ஊரார் அவரைக் கூப்பிட்டுக் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள்.

ஒரு அக்கா எழும்பினார். புருஷனும் அவருமாக ஒரு வள்ளம் வைத்துத் தொழில் செய்பவர்கள்.

"வலையைத் தலையில தூக்கிக்கொண்டு அந்த ஒழுங்கையாலதான் போறனாங்கள். அதை அடைச்சா, மீன் பெட்டியோட ஊரைச் சுத்திவர எங்களுக்கு ஏலாது, ஐயா."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வெளிநாட்டுக்காரர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு நெஞ்சில் கை வைத்து, "ஐ ஹியர் யூ" என்றார்.

சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'நீங்கள் பேசுவது என் காதில் விழுகிறது'. ஆனால் ஆங்கிலக்காரர் அதை அந்தக் கருத்தில் சொல்வதில்லை. "நீங்கள் சொல்லுறது தனக்கு நல்லா விளங்குதாம்" என்றேன். சரியான மொழிபெயர்ப்புத்தான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அக்கா அவரைக் கும்பிட்டுவிட்டுத் தன் இடத்தில் இருந்தார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை ஒழுங்கைக்குக் குறுக்கே கம்பிவேலி அடித்தார்கள்.

அக்கா என் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"விளங்குது எண்டு சொன்னவர்தானே, ரீச்சர்?"

"ஓம் அக்கா, சொன்னவர்."

"பிறகேன் அடைச்சவர்?"

"இங்கிலீசில அது ஒரு பேச்சுமுறை, அக்கா. உங்கட கவலை விளங்குது எண்டு மட்டும்தான் கருத்து. நீங்கள் கேட்டதைச் செய்வன் எண்டில்ல. செய்யமாட்டன் எண்டதை மரியாதையாச் சொல்லவும் அதைத்தான் பாவிக்கிறவை."



"விளங்காமல் அடைச்சிருந்தா இன்னொருக்காப் போய்ச் சொல்லலாம்," என்றார் அக்கா. "விளங்கிப்போட்டு அடைச்சவரிட்ட என்னத்தைச் சொல்லுறது?"



அந்த மொழிபெயர்ப்பு வேலையை விட்டேன். அதனால் வேலி அசையவில்லை; வேறொருவர் மொழிபெயர்க்கப் போனார். அக்காவும் புருஷனும் வள்ளத்தை வடக்கே உறவினர் ஒருவர் தொழில் செய்யும் கரைக்கு மாற்றினார்கள். அங்கே ஏற்கெனவே வள்ளங்கள் நெருக்கம். வள்ளத்தைக் கரைக்கு இழுத்து வைக்கும்போதெல்லாம் வாய்ச்சண்டை. சந்தையில் கண்டால் அக்கா தலையசைப்பார், கதைப்பதில்லை.

ஹோட்டல் திறந்துவிட்டது. அதற்கு வேண்டிய மீன் வெளியூரிலிருந்து லொறியில் வருகிறது.