அப்பாரு மிஸ்ஸிங்

இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சாவுக்கும் லீவ் லெட்டர் கேட்பார்கள். அதையும் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். இல்லையென்றால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். அன்றைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை வேறு.

அப்பாவைப் பெற்ற அப்பாரு இறந்து, காரியம் முடிந்த மறுநாள் காலை. அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவருக்கும் அம்மாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆறாவது படித்த நான்தான் எழுத வேண்டும்.

"அப்பாரு செத்துட்டாருன்னு எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

அம்மா நறுக்கென்று தலையில் குட்டினாள். "ஆடா மாடா செத்துப்போறதுக்கு? தவறிட்டாருன்னு எழுது. ஸ்கூல்ல போயி மானத்த வாங்காத."

டெட் என்ற வார்த்தை எனக்குத் தெரியும். ஆனால் அது செத்ததற்கு. தவறியதற்கு என்ன? வெளியே வேன்காரன் ஆரன் அடித்துக்கொண்டிருந்தான். பஸ்ஸைத் தவறவிட்டால் மிஸ். அப்படியானால் அப்பாரு மிஸ்ஸிங். எழுதிவிட்டேன். அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பு மிஸ் அதைப் படித்துப் பதறிப்போனார். எப்போதிலிருந்து காணவில்லை என்று இங்கிலீஷில் கேட்டார். அங்கே தமிழ் பேசினால் தண்டனை. எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. அவர் என் அப்பாவுக்குப் போன் போட்டார்.

"போலீசுல சொல்லியாச்சுங்களா? பெரியவரு போட்டோ இருந்தா அனுப்புங்க."

ஒன்றும் புரியாமல் அப்பா அழுக்குச் சட்டையோடு ஓடி வந்தார். "எங்கய்யன் தவறிட்டாருங்க மிஸ். நேத்துத்தானுங்க காரியம் முடிஞ்சுது."

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து, 'எக்ஸ்பயர்டு' என்று மேலே எழுதினார். மாத்திரை அட்டையில் போட்டிருப்பார்களே, அதே வார்த்தை. தேதி போனதை நாங்கள் குப்பையில் எறிவோம். அப்பாருக்கு அதுதான் மரியாதையான வார்த்தையாம். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வராந்தாவில் அப்பா கேட்டார். "அப்படி என்னதான் சாமி எழுதிப்போட்ட?"

அடி விழும் என்று ஓரடி தள்ளி நின்று சொன்னேன். "அப்பாரைக் காணோம்னு எழுதிட்டேனுங்கப்பா."

அவர் கையை ஓங்கவில்லை. "செரியாத்தான எழுதியிருக்கற. ஊட்டுக்குள்ள போனா கட்டில்ல ஆளைக் காணோமில்ல?" என்றார்.

பட்டறைக்குக் கிளம்ப வேண்டியவர், தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். எனக்கோ பரீட்சைக்கு மணி அடித்துவிடுமே என்ற பயம். இங்கிலீஷ் தெரியாததால் என் தப்பு அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தபடி வகுப்புக்குள் ஓடினேன்.